வயல் இராமநாதபுரத்தில், முடிவு சிராங்கூன் சாலையில்

இராமநாதபுரம் மாவட்டத்துப் புஞ்சையொன்றில் இந்த ஆண்டு என்ன விதைப்பது, விதைக்கத்தான் வேண்டுமா என்று முடிவு செய்பவர் பல வீடுகளில் ஊரில் இல்லை. அவர் சிங்கப்பூரில், துவாஸிலோ கிராஞ்சியிலோ ஒரு தொழிலாளர் விடுதியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்கு வருகிறார். தேக்காவில் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, நிழல் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து வீட்டுக்குப் பேசுகிறார். பேச்சு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தில் தொடங்கினாலும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் மழைக்கு வந்துவிடும். கம்மாயில் தண்ணீர் ஏறியதா, பக்கத்து வயலில் விதைத்துவிட்டார்களா, டிராக்டர்காரர் மணிக்கு எவ்வளவு கேட்கிறார்? மறுமுனையில் இருப்பவர் பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் அம்மா.

ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறிந்ததை வயலுக்குக் கொண்டுசேர்ப்பதும், வயலில் உள்ள சிக்கலை ஆராய்ச்சியாளருக்குத் தெரிவிப்பதும் வேளாண் விரிவாக்கத்தின் வேலை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு வட்டாரத்திலும் இதற்கென ஒரு மையம் இருக்கிறது, அலுவலர்கள் இருக்கிறார்கள், திட்டங்களுக்கும் குறைவில்லை. ஆனால் பட்டாதாரரே உழுபவர், உழுபவரே முடிவெடுப்பவர், அவர் ஊரிலேயே இருப்பவர் என்ற எண்ணத்தின்மேல்தான் இந்த அமைப்பு முழுவதும் எழுப்பப்பட்டிருக்கிறது. வறண்ட மாவட்டங்களில் அந்த எண்ணம் பொய்த்து நெடுநாளாகிறது.

ஆய்வாளர் எஸ். இருதயராஜனும் அவருடைய குழுவினரும் நடத்திய 2015ஆம் ஆண்டுத் தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, ஏறத்தாழ 22 லட்சம் தமிழர்கள் வெளிநாடுகளில் இருப்பதாகக் கணக்கிட்டது. நாடுகளில் சிங்கப்பூர் முதலிடத்தில் இருந்தது. ஏறக்குறைய 4 லட்சம் பேருடன் ஐக்கிய அரபு அமீரகத்தைச் சற்றே முந்தியிருந்தது. ஆட்களை அனுப்பும் மாவட்டங்களின் முன்வரிசையில் இராமநாதபுரம் வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த மாவட்டத்தில் மொத்தம் 13.5 லட்சம் பேர்தான். பக்கத்திலுள்ள சிவகங்கை, புதுக்கோட்டைக் கிராமங்களிலும் சிங்கப்பூருக்கு ஆள் போகாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தாது வருஷப் பஞ்சம் வாட்டிய 1876-78க்குப் பிறகு மலாயா, இலங்கை, பர்மா என்று கப்பலேறியவர்களின் நெடிய தொடர்ச்சி இது. மழை பொய்த்தால் கடல் கடப்பது இந்த நிலத்தின் பழைய வழக்கம்.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, எல்லா மாதங்களிலும் பெய்கிறது. இராமநாதபுரத்துக்கு ஏறத்தாழ 827 மில்லிமீட்டர். அதில் 60 சதவீதம் வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதங்களில் வந்தாக வேண்டும், அதுவும் சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடும். எனவே இங்கே வேளாண்மை என்றாலே கொட்டிய நீரைப் பிடித்துவைக்கும் கலை. வைகை 258 கிலோமீட்டர் ஓடி இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து சேர்கிறது, அது நிறைந்து மிஞ்சினால்தான் கடலுக்குப் போகும். இராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பார்கள். நாரைகூட ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அளவு நீளமான கரை என்று பொருள்.

பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை 1789இல் இராமநாதபுரத்துச் சேதுபதி மன்னரின் பிரதானி முத்திருளப்ப பிள்ளையிடமிருந்தே வந்தது. நூறாண்டுக்குப் பின் 1895இல் பெரியாற்றில் அணை முடிந்தபோது, வாய்க்கால் பாசனத்தின் பெரும்பயன் மதுரைப் பக்கத்தோடு நின்றுவிட்டது. யோசித்த சீமைக்கு மிச்ச நீர்தான் வாய்த்தது. இந்த அநீதியை இராமநாதபுரத்து முதியவர்கள் இன்னும் நினைவில் வைத்துப் பேசுகிறார்கள், பேசுவதில் நியாயமும் இருக்கிறது.

இந்த நிலத்தில் நெல் எப்படி விளைகிறது என்பதைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்க வேண்டும். தஞ்சாவூர்க்காரருக்கு நெல் என்றால் நாற்றங்காலும் நடவும். இங்கே அது புழுதி விதைப்பு. ஆவணி, புரட்டாசியில் மழைக்கு முன்பே உலர்ந்த மண்ணை உழுது, காய்ந்த புழுதியில் விதையைத் தூவிவிட்டு வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதல் மழையில் முளைக்கும். அடுத்த மழை தள்ளிப்போனால் முளைத்தது கருகும். கார்த்திகைக்குள் கண்மாயில் தண்ணீர் ஏறினால் கதிர் பிடிக்கும், ஏறாவிட்டால் பயிர் சாவியாகிப்போகும். ஆக, குடும்பத்தின் ஆண்டுச் சோறு இரண்டு மூன்று தேதிகளில் தீர்மானமாகிறது.

இந்தத் தேதிகளின் இடர்ப்பாட்டைக் குறைக்க அறிவியல் சும்மா இருக்கவில்லை. பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் வறட்சியைத் தாங்கும் ‘அண்ணா ஆர் 4’ நெல் ரகத்தை 2009இல் வெளியிட்டது. அதே நிலையத்தின் பி.எம்.கே. வரிசை ரகங்களும் இந்த மண்ணுக்காகவே உருவானவை. புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் உள்ள பயறு ஆராய்ச்சி மையமும் சிவகங்கை மாவட்டத்துச் செட்டிநாடு மானாவாரி ஆராய்ச்சி நிலையமும் அருகிலேயே இருக்கின்றன. விதையைக் கடினப்படுத்துதல் என்றொரு முறை உண்டு. லிட்டருக்குப் பத்து கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்த நீரில் விதையை ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதம் வரும்வரை உலர்த்தி, பிறகு விதைப்பது. அப்படிச் செய்த விதை புழுதியில் காத்திருக்கும் நாள்களைத் தாக்குப்பிடித்துச் சீராக முளைக்கிறது. செலவோ மிகச் சொற்பம். ஆனால் விதைப்புக்கு முந்தைய வாரத்தில், விதைக்கப்போகும் ஆளுக்கு, அவருக்கு விளங்கும் பேச்சில் இது போய்ச் சேர வேண்டும். மாசியில் நடக்கும் பயிற்சி முகாமில் சொன்னால் யாருக்கும் பயனில்லை.

நெல்லைவிட இந்த மாவட்டத்தின் முகவரி முண்டு வத்தல்தான். உருண்டையான, தோல் தடித்த இந்த மிளகாய்க்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. பரமக்குடி, கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, நயினார்கோவில் பக்கங்களில் மானாவாரியாக விளைகிறது. தை, மாசியில் பழமெடுக்கத் தொடங்கினால் சித்திரை வரை பலமுறை பறிக்க வேண்டும். பறித்ததைக் களத்தில் பரப்பி, நாள்தோறும் கிளறி, பனிக்கு முன் குவித்து மூடி, மறுநாள் வெயில் ஏறியபின் மீண்டும் பரப்பி, வெளுத்த காயைப் பொறுக்கித் தனியே போட வேண்டும். பறிப்பது, உலர்த்துவது, தரம் பிரிப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்களின் கை. விலையின் பாதி விதி இந்தக் களத்தில்தான் எழுதப்படுகிறது. உலர்த்தும்போது பூஞ்சணம் பிடித்தால் ஏற்றுமதிக்காரர் தொட மாட்டார். ஆக, ஏற்றுமதித் தரம் பற்றிய பயிற்சி யாருக்குத் தேவை என்பது களத்தில் போய் நின்றாலே தெரிந்துவிடும். அந்தப் பயிற்சியின் வருகைப் பதிவேட்டிலும் அதே பெண்களின் பெயர்கள்தானே இருக்க வேண்டும்?

இந்திய விரிவாக்கப் பணியின் வரலாற்றில் இந்தப் பெண் எங்கேயும் மையமாக இருந்ததில்லை. 1952இல் சமூக வளர்ச்சித் திட்டத்தோடு கிராம சேவக் வந்தார். 1960களில் பசுமைப் புரட்சி வந்தது. திருச்சி வானொலி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டுத் தஞ்சை விவசாயிகள் ஏ.டி.டீ. 27 ரகத்தைப் பயிரிட்டு, அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்த காலம் அது. பிறகு 1980களின் தொடக்கத்தில் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாட்டில் ‘பயிற்சியும் பார்வையிடலும்’ முறை வந்தது. டேனியல் பெனார் வகுத்த அந்த முறையில், அலுவலர் பதினைந்து நாளுக்கொருமுறை குறிப்பிட்ட நாளில் கிராமத்துக்கு வந்து சில தொடர்பு விவசாயிகளைச் சந்திப்பார், அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வார்கள். ஒழுங்கும் கட்டுப்பாடும் உள்ள முறைதான். ஆனால் தொடர்பு விவசாயியாகத் தேர்வானவர்கள் பெரும்பாலும் ஊரில் செல்வாக்குள்ள, பாசனக் கிணறுள்ள ஆண்கள். அவர்களிடம் சொன்ன செய்தி கிழக்குத் தெருக் குடிசைக்கு நடந்துபோகவில்லை.

2003இல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் விவசாயக் குடும்பங்களின் நிலையை ஆராய்ந்தபோது, நாடு முழுவதும் பத்தில் நான்கு குடும்பங்களுக்கே ஏதோ ஒரு வழியில் தொழில்நுட்பத் தகவல் கிடைத்திருந்தது. அரசு விரிவாக்கப் பணியாளரிடமிருந்து பெற்றவர்கள் 5.7 சதவீதம். பக்கத்து வயல்காரரும் உரக்கடைக்காரரும் அதைப்போல இருமடங்குக்கும் மேலான குடும்பங்களுக்கு ஆலோசகர்களாக இருந்தார்கள். அதன்பின் அட்மா எனப்படும் வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை வந்தது, 2018இல் ‘உழவன்’ செயலி வந்தது, அலுவலர்கள் கிராமங்களுக்கு முறைவைத்துச் செல்லும் உழவர் அலுவலர் தொடர்புத் திட்டம் வந்தது. இவற்றைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். சீமைக்கருவேலங் காட்டுக்கு நடுவே, பேருந்து வராத ஊருக்கு இருசக்கர வண்டியில் போய் விதை கொடுத்துவரும் உதவி வேளாண்மை அலுவலர்களின் உழைப்பு மெய்யானது. ஆனால் ஓர் அலுவலர் கையில் பல கிராமங்கள், ஒவ்வொரு கிராமத்துக்கும் மானிய இலக்கு, ஒவ்வொரு இலக்குக்கும் பதிவேற்றம். அறிவுரை சொல்ல வேண்டிய நேரத்தைக் கணினிப் படிவம் தின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, இராமநாதபுரம் என்றாலே ‘தண்ணியில்லாக் காடு’, அரசுப் பணியில் தண்டனை இடமாற்றத்துக்கான ஊர் என்ற பேச்சு தமிழ்நாடு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. தண்டனையாக வந்தவர் என்றைக்குத் திரும்பிப் போவோம் என்றுதானே இருப்பார்? ஒரு மண்ணைப் புரிந்துகொள்ளச் சில பருவங்களாவது அங்கே இருக்க வேண்டும்.

பட்டாவின் கதை இதைவிடச் சிக்கலானது. நிலம் பெரும்பாலும் தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாகக் கிடக்கும், அல்லது சிங்கப்பூரில் இருக்கும் கணவன் பெயரில் இருக்கும். பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் பெற நிலம் தன் பெயரில் இருக்க வேண்டும். வருமானவரிச் சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியராகக் கருதப்படுபவர் அதற்குத் தகுதியற்றவர். கட்டுமானத்தளத்தில் கம்பி கட்டும் தொழிலாளியும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார். அவர் பெயரில் உள்ள நிலத்தில் இடுப்பொடிய உழைக்கும் மனைவிக்குச் சொந்தப் பட்டா இல்லை. ஆக, சட்டத்தின் கண்ணில் அந்த வயலில் விவசாயியே கிடையாது. 2025இல் தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கும் முகாம்கள் நடந்தன. பட்டாதாரரின் ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணைச் சொல்ல வேண்டும். அந்தக் கைப்பேசியின் இந்திய சிம் செயலிழந்திருந்தால், பொதுச் சேவை மையத்தில் வரிசையில் நிற்கும் பெண் வீடு திரும்ப வேண்டியதுதான்.

பயிர்க் காப்பீட்டில் பணம் கூடுதல் என்பதால் இழப்பும் கூடுதல். 2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், மிளகாய் போன்ற தோட்டக்கலைப் பயிருக்கு 5 சதவீதம். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் அல்லது விதைப்புச் சான்று, சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் வேண்டும். பட்டா மாமனார் பெயரில், கணக்கு மருமகள் பெயரில் என்றால் ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்ல வேண்டும். சம்பாவுக்கான கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுப்பகுதி. மழை பிடிக்குமா பிடிக்காதா என்று எல்லோரும் தவித்துக்கொண்டிருக்கும் அதே வாரங்கள்.

இழப்பீடு கணக்கிடும் முறையும் சாமானியருக்கு விளங்குவதில்லை. ஒரு வருவாய்க் கிராமத்தில் குறிப்பிட்ட சில வயல்களில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் குறித்து, அறுத்து, அடித்து, எடைபோடுவார்கள். இதுவே பயிர் அறுவடைச் சோதனை. அந்தச் சராசரி, உத்தரவாத மகசூலுக்குக் கீழே போனால் கிராமம் முழுவதற்கும் இழப்பீடு. உத்தரவாத மகசூல் என்பது கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியை வைத்து வருவது. ஏழில் இரண்டு ஆண்டு பொய்த்தால் இந்தக் கணக்கு தாங்கும். மூன்று, நான்கு ஆண்டுகள் பொய்க்கும் இராமநாதபுரத்தில் சராசரியே சரிந்து, அடுத்த வறட்சிக்கான பாதுகாப்பும் அதோடு சரிகிறது. எந்தச் சீமைக்கு இந்தத் திட்டம் மிக அவசியமோ அங்கேதான் அதன் கணக்கு பலவீனம். 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தது. 2021 ஜனவரியில் நேர்மாறாக, அறுவடைக்கு நின்ற பயிரைப் பருவம் தப்பிய மழை மூழ்கடித்தது. இரு முனையிலும் அடி விழும் நிலத்தில், காப்பீட்டின் நுணுக்கத்தை எடுத்துச்சொல்வதும் விரிவாக்கப் பணிதான். அதைத் தரகரிடம் விடக் கூடாது.

விதைக்காமல் விட்ட நிலம் என்ன ஆகிறது? கருவக்காடாகிறது. 1950களில் விறகுக்கும் வேலிக்குமென்று பரப்பப்பட்ட சீமைக்கருவேலம், உழவு நின்ற இரண்டு மூன்று ஆண்டுகளில் வயலைப் பிடித்துக்கொள்ளும். 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது, 2022இல் அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனால் முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு இன்று அந்த மரமே வெள்ளாமை. வேரோடு பிடுங்கியபின் அந்த நிலத்தில் என்ன வைப்பது, முதல் மூன்று ஆண்டுக்கு யார் துணை நிற்பது என்பதற்கு விடையில்லாமல் பிடுங்கினால், அடுத்த மழைக்கு மறுபடி முளைத்துவிடும்.

இந்த இடத்தில் சிங்கப்பூரின் சொந்த அனுபவம் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். தேக்கா வட்டாரம் உருவானதிலேயே மாட்டுத் தொழிலுக்குப் பங்குண்டு. ரோச்சோர் ஆற்றோரத்துப் புல்லையும் நீரையும் நம்பி 19ஆம் நூற்றாண்டில் தொழுவங்கள் எழுந்தன, அவற்றில் வேலை செய்யத் தமிழர்கள் வந்தார்கள். பஃப்ளோ சாலையின் பெயரில் அந்தக் காலம் இன்னும் இருக்கிறது. 1959இல் தொடங்கிய முதன்மை உற்பத்தித் துறையின் அதிகாரிகள் கோழி, பன்றி, காய்கறி வளர்த்தவர்களிடம் நேரில் போய்த் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுத்தார்கள். 1970களில் முட்டை, கோழி, பன்றியிறைச்சியில் சிங்கப்பூர் தன்னிறைவு அடைந்திருந்தது. பிறகு நிலமும் நீரும் வேறு தேவைக்கு வேண்டும் என்று அரசு முடிவு செய்து, 1984இல் பன்றிப் பண்ணைகளைப் படிப்படியாக மூடப்போவதாக அறிவித்தது. அந்த முடிவு சரியா என்று இன்று விவாதிக்கலாம், உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு விவாதித்துக்கொண்டும் இருக்கிறது. ஆனால் அது ஒரு முடிவு. அறிவித்து, காலக்கெடு வைத்து எடுத்த முடிவு. இராமநாதபுரத்தில் வேளாண்மையைக் கைவிடுவதென்று எந்த அரசும் முடிவெடுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைப்பில், ‘இந்த வருஷம் விட்டுரு’ என்ற சொல்லில் அது நடந்துகொண்டிருக்கிறது.

சிங்கப்பூர்ப் பணமும் ஊர்மண்ணுக்கு வந்து சேர்கிறது, ஆனால் ஆலோசனை இல்லாமல் வருகிறது. 2023 பிப்ரவரியில் பேநவ், யூபிஐ இரண்டும் இணைந்தபின் கைப்பேசி எண் ஒன்றிருந்தால் நொடியில் பணம் போகிறது. முதலில் ஏஜெண்டுக்கு வாங்கிய கடன் அடையும், பிறகு அடகு நகை மீளும், பிறகு வீடு. மிஞ்சியதில் பலர் ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள். இந்த மாவட்டத்தின் பல பகுதிகளில் ஆழம் போகப்போக உப்புநீர்தான் வரும். மண்ணையும் நீரையும் சோதித்த ஒரு தாளும், பத்து நிமிட ஆலோசனையும் இருந்தால், வெயிலில் வெந்து சேர்த்த வெள்ளிகள் உப்பில் கரையாமல் ஒரு பண்ணைக்குட்டையாகவோ ஆட்டுக்கொட்டகையாகவோ மாறியிருக்கும். பண்ணைக்குட்டைக்கு அரசே மானியம் தருகிறது என்பது சிராங்கூன் சாலையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

செய்யக்கூடியவை எட்டாத தூரத்தில் இல்லை. யார் பெயரில் பட்டா இருந்தாலும், நிலத்தில் உண்மையில் பாடுபடுபவருக்குக் கிராம நிர்வாக அலுவலர் வழங்கும் சாகுபடியாளர் சான்று ஒன்று வேண்டும். காப்பீடு, விதை மானியம், பயிற்சி மூன்றுக்கும் அதுவே போதும் என்று அரசாணை வர வேண்டும். பயிற்சி வட்டாரத் தலைநகரில் பகல் பதினோரு மணிக்கு வேண்டாம், மிளகாய்க் களத்தில் சாயங்காலம் நடக்கட்டும். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலனுக்கென்று தனித்துறை இருக்கிறது, வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை 2021 முதல் இருக்கிறது. அயலகத் தமிழர் நலத்துறையும் வேளாண்மைத் துறையும் கைகோத்து, ஆவணி முதல் கார்த்திகை வரை ஞாயிறுதோறும் லிட்டில் இந்தியாவில் ஒரு மேசை போடலாம். பரமக்குடி நிலையத்து விஞ்ஞானி காணொளியில் வரட்டும். பட்டா மாறுதல் விண்ணப்பமும் அங்கேயே எழுதித் தரப்படட்டும். சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளுக்கு இதற்கு இடம் தரவும் தொண்டர் தரவும் வலு இருக்கிறது. இலக்கிய விழாவுக்கும் பொங்கல் விழாவுக்கும் தோள்கொடுக்கும் அவை, பொங்கல் அரிசி விளையும் வயலுக்கும் தோள்கொடுக்க வேண்டும்.

அந்த மேசை வரும்வரை, இதை வாசிக்கும் தொழிலாளத் தோழர்களே, இந்த ஞாயிறு ஊருக்குப் பேசும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது? விதைப்புச் சான்று வாங்கியாயிற்றா? உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்து அலுவலரின் எண் வீட்டில் இருக்கிறதா? விடை ‘இல்லை’ என்றால், நவம்பர் நடுவுக்குள் அதைச் சரிசெய்யுங்கள். முடிந்தால் அடுத்த விடுமுறையில் நிலத்தில் ஒரு பங்கையாவது மனைவி பெயருக்கு எழுதி, அவர் பெயரில் பட்டா வாங்கிவிட்டுத் திரும்புங்கள்.